குறைந்தபட்சத் தொகை

அன்புள்ள அம்மா,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். சுவரில் என்ன மாட்டியிருக்கிறது என்பதை மட்டும் எழுத மாட்டேன். சித்தி வீட்டிலிருந்து நீ திரும்பும்வரை அது ரகசியம் என்று அப்பாவிடம் சத்தியம் செய்திருக்கிறேன். அதை கிரெடிட் கார்டில் வாங்கினார்.

நேற்று பில் வந்தது. "குறைந்தபட்சம் ஆயிரத்து முந்நூறு கட்டினா போதும்னு பேங்க்காரனே போட்டிருக்கான் பாரு! மீதியை உப்பு வாரும்போது கட்டிக்கலாம்" என்றார். மழைக்காலத்தில் உப்பு வியாபாரி நம் உப்பளத்துக்கு வட்டியில்லாமல் தரும் முன்பணம் போல இதையும் நினைத்துவிட்டார். கார்டோடு வந்த புத்தகத்தை நான் முழுவதும் படித்திருக்கிறேன். "மீதிக்கு மாசம் நூத்துக்கு மூணரை வட்டிப்பா" என்றேன்.

அப்பா உடனே வங்கிக்குப் போன் போட்டார். "ஏம்மா, மழை விடட்டும். வேணும்னா உப்பாவே எடுத்துக்கோ."

"உப்புன்னா அது என்ன ஸ்கீம் சார்?" என்று போனை எடுத்த பெண் கேட்டாள்.

வெள்ளிக்கிழமைக்குள் முழுத் தொகையும் கட்டிவிட்டால் வட்டியே கிடையாது. நாலாயிரம்தான் குறைகிறது. அரிசி டிரம்முக்குள் நீ வைத்திருப்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், எடுக்கலாமா? பதிலை, இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் ரோஸ்லின் அக்காவிடமே கொடுத்தனுப்பு. போனில் சொன்னால் அப்பா காதில் விழும்.

அப்பா கரண்ட் செலவை மிச்சம் பிடிக்கிறார். இப்போதுதான் வீட்டில் எல்லா விளக்கையும் அணைத்தார். சுவரில் இருப்பதன் வெளிச்சத்தில், கிரிக்கெட் சத்தத்துக்கு நடுவே இதை எழுதி முடிக்கிறேன்.

சத்தியம் தவறாத உன் மகள்