உன் அம்மா ஜெயித்துக் காட்டிய சண்டை

ஹட்டன்,
11.02.2009

அன்பு மகள் சுதர்ஷினிக்கு,

இங்கே நானும் அம்மாவும் நல்ல சுகம், குவைத்தில் நீயும் சுகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ அங்கிருந்து எங்களுக்குப் போன் எடுத்தபோது யாரோ ஒரு ஆள் சிங்களத்தில் பேசி வைத்துவிட்டார் என்று எவ்வளவு பயந்திருப்பாய். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். போனில் பேசப் பயமாக இருந்ததால்தான் விபரமாக எழுதுகிறேன்.

நீ அனுப்பிய டச் போனில் ஒரு சண்டை விளையாட்டு இருக்கிறதே, பட்டாளத்து உடுப்புப் போட்ட ஆள் ஓடி ஓடிச் சுடுவான், அதில் உன் அம்மா கிறுக்காகிவிட்டாள். மலையில் இருந்து வந்து கூடையை இறக்கியதும் அதைத்தான் எடுக்கிறாள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிக் காய்த்துப்போன என் விரலுக்கு அந்தக் கண்ணாடி மசியவே மாட்டேன் என்கிறது. அவளோ கொழுந்து கிள்ளுகிற நகத்தால் டக் டக்கென்று தட்டி எல்லாரையும் சாய்த்துவிடுகிறாள். அன்றைக்கு கினிகத்தேனையில் உன் சித்தப்பா சிவசாமி மகளுக்குக் கல்யாணம், பஸ்ஸில் போனோம். நீ போன் எடுத்தால் மணி கேட்க வேண்டுமே என்று போன் சத்தத்தை முழுதாகக் கூட்டி வைத்தவன் நான்தான். அது தெரியாமல் அம்மா விளையாட்டைத் திறந்தாள், பஸ் முழுக்கத் துப்பாக்கிச் சத்தம். ஆட்கள் சீட்டுக்குக் கீழே குனிந்துவிட்டார்கள், பஸ் நின்ற இடமோ ஆமி செக் பொயின்ட். யுத்தத்தில் நாடு இருக்கிற இருப்பு உனக்குத் தெரியும், போன மாதம் பக்கத்துத் தோட்டத்தில் விசாரணைக்கென்று கூட்டிப்போன இரண்டு பேரை இன்னும் விடவில்லை. ஆமிக்காரர் ஏறி இது யாருடைய போன் என்று கேட்டார். நம் லயத்து வீடுகளில் பொம்பளையைப் பற்றி யார் என்ன கேட்டாலும் ஆம்பிளைதானே முந்திக்கொண்டு பதில் சொல்லுவோம், அதே பழக்கத்தில் போனும் என்னுது, விளையாடினதும் நான்தான் என்று எழும்பிவிட்டேன். கீழே இறக்கி, அப்படியென்றால் விளையாடிக் காட்டு என்றார். நான் அழுத்த அழுத்த ஒன்றும் நடக்கவில்லை, மூன்று தடவையும் உடனே செத்தேன். பொய் சொல்கிறாய், இது யாரிடம் வாங்கிய போன், வண்டியில் ஏறு என்று கையைப் பிடித்துவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் நீ போன் எடுத்தாய், அவரே பேசினார். உன்னிடம் என்ன வெட்கம், இனி உன் முகத்தைப் பார்ப்பேனா என்றுதான் நினைத்தேன்.

அப்போது அம்மா பஸ்ஸில் இருந்து இறங்கி வந்தாள். அரைச் சிங்களமும் தமிழுமாக, மாத்தயா, இந்த மனுசனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க, வெளையாடினது நாந்தாங்க என்று சொல்லி, கையை நீட்டிப் போனை வாங்கினாள். ரோட்டோரமாக நின்று இரண்டே நிமிசத்தில் அந்தக் கட்டத்தை முடித்துத் திருப்பிக் கொடுத்தாள். என் கையைப் பிடித்திருந்தவர் விட்டுவிட்டுச் சிரித்தார் பார், அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. இன்னொரு ஆமிக்காரர் டாங்கியை எப்படி அடிப்பது என்று அவளிடம் கேட்டுக்கூட நின்றார். அடையாள அட்டையைப் பார்த்து, பையைக் கிளறி, போகச் சொல்லிவிட்டார்கள். தாலி கட்டி முடிந்துதான் போய்ச் சேர்ந்தோம், சாப்பாடு மிச்சமிருந்தது.

அந்த விளையாட்டை எடுத்துவிடலாம் என்று சொன்னேன். சத்தத்தக் கொறச்சா போதும், நீங்க வாயையும் கொஞ்சம் கொறைங்க என்கிறாள். நீ வெயிலில் அலையாதே, நேரத்துக்குச் சாப்பிடு, உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்க நம் கோயில் மாரியம்மா இருக்கிறாள். இனி நீ போன் எடுத்தால் முதலில் அம்மாதான் பேசுவாள். இதுவரை எல்லாக் கடிதத்திலும் அவள் பேரையும் நானே சேர்த்து எழுதினேன். இந்தத் தடவை பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள், கீழே கோணலாக இருக்கிற பேர் அவளே எழுதியது.

இப்படிக்கு,
அப்பா கணேசமூர்த்தி
அம்மா மீனம்மா