டிரைவர் டிஸ்க்குக்கு வைத்த பொட்டு

பிரிக்பீல்ட்ஸ்
5.10.1998

அன்புள்ள அஞ்சம்மாளுக்கு,

நான் யானை பலத்தோடு இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி? பிள்ளைகள் சுகமா?

இங்கே பக்கிரிசாமி முதலாளியின் அச்சுக்கடையில் கம்ப்யூட்டர் இலாகாவே என் கையில்தான். பழைய விண்டோஸ் லேப்டாப் சொல்வது பிரிண்டருக்குப் புரிய டிரைவர் என்று ஒன்று வேண்டும். பழையதை அழித்துவிட்டுப் புதிய டிரைவர் இருக்கும் பிளாப்பி டிஸ்க்கை எடுத்தேன். ஆயுத பூஜையாச்சே! அதன் தகர மூடியைத் தள்ளி, நீ கொடுத்த குங்குமத்தைக் குழைத்து உள்ளே இருக்கும் தட்டிலேயே பொட்டு வைத்தேன். டிஸ்க் செத்தது, பிரிண்டரும் படுத்துவிட்டது.

"கல்யாணக் கார்டு நாளைக்குக் கிள்ளான் டவுனுக்குப் போகணும். இல்லேன்னா நீ ஊருக்குக் கெளம்புய்யா!" என்றார் முதலாளி.

கணக்கெழுதும் மார்க்கிரட்தான் காப்பாற்றினாள். "சாமிக்குப் பொட்டு வைங்க அங்கிள், டிஸ்க்குக்கு வேணாம் லா! நான் அந்த டிஸ்க்குக்கு முன்னாடியே ஒரு காப்பி எடுத்து வச்சிருந்தேன், பொழச்சீங்க."

கார்டுகள் போய்விட்டன. முதலாளி என் முதுகைத் தட்டினார், அந்தப் பாராட்டை நானும் வாங்கிக்கொண்டேன். காப்பாற்றியது தான்தான் என்று அவள் காட்டிக்கொடுக்கவில்லை. மகராசி! அவளுக்காக மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினேன்.

குங்குமம் தீர்ந்துவிட்டது. கடையில் வாங்காதே, நீ தினமும் விரல் வைக்கிற டப்பாவிலிருந்தே கொஞ்சம் மடித்து அனுப்பு. எந்த மெஷினுக்கும் வைக்கமாட்டேன், சத்தியம்.

முதலாளி கூப்பிடுகிறார்.

உன்
மாணிக்கவேலு