ஏரிக்கு வந்த ஆலா

1956, ஆவணி 3. மத்திகிரி.

ஏரியில் துணி அலசும்போது தலைக்கு மேலே வெள்ளையாக ஒரு பறவை நின்ற இடத்திலேயே சிறகடித்தது. வால் இரண்டாகப் பிளந்திருந்தது. சட்டென்று தண்ணீரில் விழுந்து மீனோடு எழுந்தது. ஆலாவேதான். "ஆலா! ஆலா!" என்று கத்திவிட்டேன்.

எங்கள் ஊர் கோடியக்கரையில் சித்திரை பிறந்தால் வெறும் மணலில் முட்டையிடும். மிதித்துவிடுவேன் என்று அப்பா என்னைச் சுற்றுவழியில் அழைத்துப் போவார். குஞ்சுகள் பறக்கப் பழகியதும் கரை காலியாகிவிடும். எங்கே போகின்றன என்று கேட்டால், "தண்ணி இருக்கிற பக்கம்" என்பார். கடலை விட்டு இவ்வளவு தூரமா? என்னைக் கட்டிக்கொடுத்த ஊருக்கேவா?

பக்கத்தில் துவைத்துக்கொண்டிருந்த கௌரம்மா கன்னடக்காரி. அவள் காதில் அது 'ஹாலா' என்று விழுந்திருக்கிறது. அவர்கள் பேச்சில் ஹாலு என்றால் பால். சாயங்காலம் செம்பு நிறையப் பாலோடு வாசலில் வந்து நின்றாள்.

"இதுக்கு ஏம்மா அப்பிடிக் கத்தின? கேட்டா குடுக்க மாட்டனா? நாளைக்கும் வேணுமா?"

ஆலா என்றால் என்னவென்று இந்த ஊரில் யாருக்குச் சொல்வது?

"வேணும்க்கா" என்றேன்.