கிளென்மார்கன் வின்ச்சில் அம்மா

12.5.1975

காலையிலிருந்து மூட்டம். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. எழுதி முடித்த பிறகு எனக்கு இரண்டே வேலை. கொடியில் துணி காய்ந்ததா என்று தொட்டுப் பார்ப்பது, கனவு காண்பது. லயத்துக்கு, எங்கள் எஸ்டேட் வீட்டு வரிசைக்கு, மேலே போகிற கரண்டு கம்பி இந்த ஈரத்தில் முனகுகிறது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேட்டுக்கொண்டு நிற்பேன்.

"என்னாடி, கம்பியோட பேசிக்கிட்டு நிக்கிற? தேத்தண்ணி ஆறுது" என்று அம்மா கத்துகிறாள்.

எஸ்டேட் கணக்கப்பிள்ளை அம்மாவிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டார், உன் மகள் தெய்வம்மா பேரை எப்போது பதியலாமென்று. பேர் பதிந்தால் மறுநாளே என் முதுகில் தேயிலைக் கூடை.

18.5.1975

ட்ரஸ்ட் ஜீப் வந்தது. எங்களைப் போன்ற பிள்ளைகளை இன்ஜினியரிங் பக்கம் இழுக்க வேண்டுமென்று கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு செய்கிறவர்கள் சேர்ந்து நடத்துகிற ட்ரஸ்ட். மாதம் ஒரு ஞாயிறு லயத்துக்கு வந்து ஏதாவது ஒரு மெஷினைப் பிரித்துக் காட்டுவார்கள். இரண்டு வருடமாக ஒன்றைக்கூட நான் விட்டதில்லை. அன்றைக்குத் தூக்கத்திலும் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டே இருக்கும்.

ட்ரஸ்டில் வேலை பார்க்கிற வேலாமணி அக்கா இன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். கோயம்புத்தூர் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் டிப்ளமோ. ஃபீஸ், ஹாஸ்டல், எல்லாம் ட்ரஸ்ட் பார்த்துக்கொள்ளும்!

"நீ படிக்கோணும் கண்ணு. ஊட்டுல கேட்டுட்டுச் சொல்லு."

அப்பா, "உங்கம்மா சரின்னா எனக்கும் சரி" என்று நழுவிவிட்டார். அம்மா அடுப்பிலிருந்து திரும்பவே இல்லை. "கீழ எல்லாம் போக வேணாம்."

19.5.1975

ஏன்னு கேட்டா, அம்மா ரொட்டிய இன்னும் ஓங்கித் தட்டுறா. எனக்கு வர்ற கோவத்துக்கு —

25.5.1975

நான் கேட்காமலே இன்று சொன்னாள், துணி மடித்துக்கொண்டே.

"நானுஓயாவுல ரயிலு கெளம்புறப்ப உங்கக்கா சன்னல் கம்பியப் புடிச்சிக்கிட்டே ஓடி வந்தா. மலைய விட்டு எறங்குனோம். அத்தோட சரி."

அப்போது நாங்கள் இலங்கை மலைத் தோட்டத்தில் இருந்தோம். சின்னம்மை அக்கா கட்டிக்கொண்டு போன குடும்பத்துக்கு இலங்கைப் பிரஜா உரிமை கிடைத்தது. எங்களுக்கு இந்தியா என்று எழுதிவிட்டார்கள். இங்கே வந்து ஐந்து வருடமாகிறது. அம்மாவுக்கு மலை இறங்குவதென்றால் அதுதான். இறங்கினவர்கள் ஏறி வருவதில்லை. நாம இப்ப மலையிலதானே இருக்கோம் என்றேன். "இது வேற மலை" என்றாள்.  இரண்டு பேரும் அழுதோம்.

8.6.1975

பெற்றோருக்கும் பவர் ஹவுஸைக் காட்ட வேண்டுமென்று ட்ரஸ்ட் கூட்டிக்கொண்டு போனது. கிளென்மார்கன் மேட்டிலிருந்து சிங்காரா பவர் ஹவுஸுக்கு வின்ச். தண்டவாளத்தில் ஒரு பெட்டி, அதை இரும்புக் கயிற்றில் கட்டி இறக்குகிறார்கள். செங்குத்து. கொஞ்ச தூரத்தில் தண்டவாளம் மூட்டத்துக்குள் போய்க் காணாமல் போகிறது. நான் சொக்கிப்போய் நின்றேன். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏனுங்கம்மா, பயப்படாதீங்க. நானும் கூடவே வாரனுங்க" என்றாள் வேலாமணி அக்கா.

அம்மா வின்ச் ஓட்டுகிற மாரப்பன் அண்ணனைத்தான் பார்த்தாள். "இது திரும்ப மேல வருமா?"

"வந்துதானுங்க ஆகோணும். கயிறு நம்ம கிட்டத்தானுங்களே இருக்குது."

"அப்ப போயி வரட்டும். பாக்குறேன்."

எனக்கு மானமே போயிற்று. மற்றவர்கள் ஏறிப் போய்விட்டார்கள். கயிறு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் கழித்துப் பெட்டி வந்தது, கீழே வேலை முடிந்த ஆட்கள் இறங்கினார்கள். ஒருவர் கையில் முருங்கைக்காய்க் கட்டு. அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பெட்டி மறுபடி போயிற்று, மறுபடி வந்தது. வேலாமணி அக்கா அவசரப்படுத்தவில்லை, நல்ல புடவையோடு அம்மா பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்திருந்தாள்.

திடீரென்று அம்மா எழுந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தானே போய் ஏறினாள். "வாடி."

இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டது நான்தான்!

கீழே டர்பைன் ஓடுகிற அதிர்வு தரை வழியாகக் காலுக்குள் ஏறியது. எங்கள் மலைத் தண்ணீர் குழாயில் விழுந்து, சுழன்று, கரண்டாகி எங்கெங்கோ போகிறது. அங்கேயே இருந்துவிடலாம் போல இருந்தது.  வீடு வந்து சேரும் வரைக்கும் அம்மா சரி என்று சொல்லவில்லை.

9.6.1975

காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் அத்தனை பேர் முன்னால் அம்மா கணக்கப்பிள்ளையிடம் சொன்னாளாம்: "எம்மக பேரு பதிய வேணாங்கையா. படிக்கப் போறா."

என்னிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு கருப்பம்மா அத்தை வந்து சொல்லித்தான் தெரியும். ஐயோ, எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

14.7.1975

கோயம்புத்தூர், ஹாஸ்டல். என்ன வெயில்! அப்பா வந்து விட்டுப் போனார். அம்மா பஸ் வரைக்கும்கூட வரவில்லை.

2.2.1977

நானே கம்பி சுற்றிய மோட்டார் இன்று ஓடியது. யாரிடம் சொல்ல? பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மா என் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கிளம்பும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒவ்வொரு லீவும் இதே கதைதான். நான் செய்வது சரிதானா?

5.11.1979

சிங்காரா பவர் ஹவுஸில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம். காலை ஷிஃப்ட் முடிந்து வின்ச்சில் மேலே வந்து, மூட்டத்துக்குள் நடந்து லயத்துக்கு வந்தேன். வாசலுக்கு வந்தபோது உள்ளே கருப்பம்மா அத்தை குரல்.

"எங்க, தெய்வம்மாவக் காணோம்?"

"கீழ வேலைக்குப் போயிருக்கா. இப்ப வந்துருவா."

சொல்லிவிட்டு அம்மா குழம்பைக் கிண்டுகிற சத்தம் கேட்டது. இறங்கிப் போன யாரைப் பற்றியும் அம்மா 'வந்துருவா' என்று சொல்லி நான் கேட்டதில்லை. உள்ளே போகாமல் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றேன்.