பெண் ஓரமாக உட்கார்ந்த படம்

கல்கத்தா,
8 ஜூலை 1997

மதிப்பிற்குரிய சௌந்தரம் அம்மா அவர்களுக்கு,

இராஜமாணிக்கம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மழை பிடித்துக்கொண்டது. கடைவாசலில் முழங்கால் அளவு தண்ணீர். அது தவிர எங்களுக்குக் குறையில்லை. பொன்மலையில் நீங்களும் தம்பி சந்தானமும் நலமாக இருக்கவேண்டும்.

தரகர் ஜம்புநாதன் சொன்னபடி என் தங்கை ஜெயலக்ஷ்மியின் ஜாதகமும் போட்டோவும் இத்துடன் வருகின்றன. எனக்குச் சுற்றி வளைத்து எழுதத் தெரியாது. எங்களுக்குத் தாய் தகப்பன் இல்லை. நான் சின்னாளப்பட்டிச் சேலைகளைத் தோளில் போட்டுக்கொண்டு பாலிகஞ்ச் வீடுகளின் மாடிப்படி ஏறி இறங்கி விற்றவன். இப்போது கரியாஹாட்டில் சொந்தக் கடை. தங்கை பி.காம். படித்து இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிறாள். வயது முப்பது. குறைத்துச் சொல்லலாம், ஜாதகம் காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் தம்பிக்கு நீங்கள்தான் தாய் இடத்தில் என்று ஜம்புநாதன் சொன்னார். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

போட்டோ இங்குள்ள நல்ல ஸ்டுடியோவில் எடுத்த கலர் போட்டோ. பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
இராஜமாணிக்கம்


பொன்மலை, திருச்சி,
21 ஜூலை 1997

மதிப்பிற்குரிய ஐயா,

கடிதம் கிடைத்தது. ஜாதகம் நன்றாகப் பொருந்துகிறது. போட்டோதான் குழப்பம்.

கலர் என்று எழுதியிருக்கிறீர்கள். வந்திருப்பது கறுப்பு வெள்ளை. அதில் பெண் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு ஓரமாக உட்கார்ந்து ஜன்னலைப் பார்க்கிறாள். மீதி இடமெல்லாம் வெறும் சுவரும் வெயில் கோடும்தான். எங்கள் வீட்டில் முடிவு சொல்பவர் பெரியப்பா. அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பக்கத்துல யாரோ இருந்திருக்கான். எந்திரிச்சுப் போகச் சொல்லிட்டு எடுத்திருக்காங்க. கறுப்பு வெள்ளைன்னா நிறமும் தெரியாது. வியாபாரி மூளை” என்றார்.

ஜாதகத்தை ஒன்றும் சொல்லாமல் திருப்பி அனுப்பிவிடச் சொன்னார். அது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் நேராகவே கேட்கிறேன். கோபப்படாதீர்கள். அந்த இடத்தில் இருந்தது யார்?

இப்படிக்கு,
சௌந்தரம்


கல்கத்தா,
2 ஆகஸ்ட் 1997

மதிப்பிற்குரிய அம்மா,

கோபமில்லை. நன்றிதான். இதற்கு முன் இரண்டு இடத்தில் ஜாதகம் திரும்பி வந்தபோது ஏன் என்று ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

நடந்தது இது. ஸ்டுடியோ போட்டோவை ஜெயாவிடம் கொடுத்து உறையில் வைத்து ஒட்டச் சொன்னேன். உங்கள் கடிதம் வந்ததும் அவளைக் கூப்பிட்டேன். “ஏம்மா, எந்த போட்டோவை வெச்சே?”

“நம்ம அனு எடுத்ததை.”

“ஸ்டுடியோ போட்டோ?”

“பீரோவுல இருக்கு. அதுல இருக்கிறது யாருன்னு எனக்கே தெரியலண்ணா.”

அனுராதா என் மகள், பதினொன்றாம் வகுப்பு. பள்ளியில் ஓவியத்தோடு போட்டோ எடுக்கவும் சொல்லித் தருகிறார்கள். பள்ளிக் காமிராவை வீட்டுக்குக் கொண்டுவந்து அத்தையை ஜன்னலோரம் உட்காரவைத்து எடுத்திருக்கிறாள். கழுவியதும் பள்ளி இருட்டறையில்தான். அங்கே கலர் கழுவ வசதியில்லை. நிறத்தை மறைக்க யாரும் திட்டம் போடவில்லை.

“ஏண்டி, அத்தையை ஓரத்துல தள்ளினே?” என்று கேட்டேன். “ரூல்பா” என்றாள். எந்த ஊர் ரூல் என்று அவளிடமிருந்த இன்னொரு பிரதியை எடுத்துக்கொண்டு நேரே பள்ளிக்கே போய்விட்டேன். டீச்சர் ஷிப்ரா மிஸ், வங்காளி அம்மா. என் இந்தியைப் பொறுத்துக்கொண்டு பென்சிலால் படத்தின் மேல் நெடுக்கில் இரண்டு கோடு, குறுக்கில் இரண்டு கோடு போட்டார். ஒன்பது கட்டம். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் முகம் வரவேண்டுமாம். ஆள் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அந்தப் பக்கம் இடம் விடவேண்டுமாம், பார்வை போய் உலாவ. “நடுவில் நிறுத்தி நேராக எடுத்தால் அது போலீஸ் ஸ்டேஷன் போட்டோ, தாதா” என்றார். (இங்கே தாதா என்றால் அண்ணன்.) காலி இடமும் படத்தில் ஒரு பொருள்தான், அதற்கும் எடை உண்டு, இந்தப் பக்கம் ஒரு பெண், அந்தப் பக்கம் வெளிச்சம், தராசு சமமாக நிற்கிறது பாருங்கள் என்றார். தராசு என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது.

சொன்னால் சிரிப்பீர்கள். கடைக் கண்ணாடி ஜன்னலில் இருபது சேலை நெருக்கித் தொங்கவிட்டிருந்தேன். அத்தனையும் கழற்றிவிட்டு ஒரே ஒரு அரக்குப் பட்டுச் சேலையை ஓரமாகப் போட்டு மீதியை வெறுமனே விட்டேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள்.

ஆகையால் அம்மா, அந்த இடத்தில் யாரும் இல்லை. அது இடம், அவ்வளவுதான்.

இராஜமாணிக்கம்


பொன்மலை,
14 ஆகஸ்ட் 1997

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதத்தை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். பெரியப்பா கேட்டுவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “ஸ்கூல் பாடமெல்லாம் இருக்கட்டும். கலர்ல, நின்ன மாதிரி, கண்ணாடி இல்லாம ஒரு போட்டோ அனுப்பச் சொல்லு. வந்தா மேல பேசலாம். இல்லேன்னா தஞ்சாவூர்ல ஒரு இடம் இருக்கு.”

இதுவரை எழுதியது அவர் சொன்னது. இனி நான் சொல்வது. பீரோவில் இருக்கிற ஸ்டுடியோ போட்டோவை நீங்கள் அனுப்பினால் நான் தப்பாக நினைக்க மாட்டேன். இந்தச் சம்பந்தம் அமையவேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. தம்பி அந்தப் படத்தைத் தன் மேசையிலிருந்து எடுக்கவிடவில்லை.

சௌந்தரம்


கல்கத்தா,
25 ஆகஸ்ட் 1997

மதிப்பிற்குரிய அம்மா,

ஸ்டுடியோ போட்டோவை உறையில் வைத்து விலாசமும் எழுதிவிட்டேன். ஒட்டுவதற்கு முன்னால் ஜெயாவிடம் சொன்னேன். அவள் தடுக்கவில்லை. “அனுப்புண்ணா. ஆனா அவங்க வந்தா நான் கண்ணாடியோடதான் வருவேன். கழட்டினா காபித் தட்டை யார் மடியில வைக்கிறேன்னே எனக்குத் தெரியாது” என்றாள்.

போன இரண்டு தடவையும் அதுதான் நடந்தது. ஸ்டுடியோக்காரன் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, விளக்கைப் போட்டு, கன்னத்துக்குத் தூரிகையால் மெருகு ஏற்றி எடுத்துக் கொடுத்த படத்தைப் பார்த்து வந்தார்கள். சோடாப் புட்டிக் கண்ணாடியோடு எதிரே வந்து நின்றவளைப் பார்த்ததும், “போட்டோல இது இல்லியே” என்று தங்களுக்குள் முணுமுணுத்தார்கள். காபியைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை.

எங்கள் கடைக்கு வரும் விவரமான அம்மாக்கள் ட்யூப்லைட்டை நம்ப மாட்டார்கள். சேலையை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்து வாங்கிய சேலை திரும்பி வந்ததே கிடையாது. ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த படம் உங்களிடம் இருக்கிறது. வேறு படம் நான் அனுப்பப்போவதில்லை. உறையைக் கிழித்துவிட்டேன்.

இதனால் சம்பந்தம் நின்றுபோனாலும் உங்கள் மேல் எனக்கு வருத்தம் இருக்காது. தஞ்சாவூர்ப் பெண் நன்றாக இருக்கட்டும். முகம் தெரியாத எங்களிடம் மனம்விட்டு ஒரு கேள்வி கேட்டீர்களே, அதை நானும் தங்கையும் மறக்க மாட்டோம்.

இராஜமாணிக்கம்


பொன்மலை,
12 செப்டம்பர் 1997

ஐயா அவர்களுக்கு,

பெரியப்பா பேசுவதை நிறுத்திவிட்டார். தஞ்சாவூர் ஜாதகம் வந்தது. தம்பி உறையைப் பிரிக்கவில்லை. நேற்று வொர்க்‌ஷாப்பிலிருந்து வந்ததும் லீவும் ரயில்வே பாஸும் எழுதி வாங்கிவிட்டதாகச் சொன்னான். “எங்கேடா?” என்றேன். “கல்கத்தாவுக்கு. அந்தப் பொண்ணு ஜன்னலைப் பார்த்துக்கிட்டு என்னத்த யோசிக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்க்கா” என்றான்.

அவன் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. முப்பத்துநான்கு வயதில் அவன் இப்படி ஒன்று கேட்டு நான் பார்த்ததில்லை. இம்மாதம் 27ஆம் தேதி ஹௌராவில் வந்து இறங்குவான். பார்த்துக்கொள்ளுங்கள். மீன் சாப்பிட மாட்டான்.

சௌந்தரம்


கல்கத்தா,
1 அக்டோபர் 1997

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

சம்பந்தி என்று எழுதிவிட்டேன். தம்பி சொல்லியிருப்பார். இருந்தாலும் நடந்ததை நான் சொல்லவேண்டும்.

அவர் வந்தது துர்கா பூஜை வியாபார நேரம். கரியாஹாட்டில் அப்போது நிற்க இடம் கிடையாது. வீட்டில் உட்காரவைத்து உபசாரம் செய்ய எனக்கு நேரமில்லை. அவர் நேரே கடைக்கே வந்துவிட்டார். கூட்டத்தைப் பார்த்தார், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பிரித்துப் போட்ட சேலைகளை மடிக்க உட்கார்ந்துவிட்டார். மடிப்பு கோணல்தான். பெரிய மனசு.

ஆபீஸ் விட்டு ஜெயா வந்தாள், குடையும் நனைந்த செருப்புமாக. அலங்காரம் ஒன்றுமில்லை. கண்ணாடியில் நீராவி படிந்திருந்தது. அவர் எழுந்து நின்று, கேட்க வந்த கேள்வியைக் கேட்டேவிட்டார்: “அந்த போட்டோவுல என்ன யோசிச்சிட்டிருந்தீங்க?”

இவள், “ஒண்ணுமே யோசிக்கல. அசையாதே அத்தைன்னு அனு மிரட்டினா. எனக்கு மூக்கு அரிச்சுது” என்றாள்.

உங்கள் தம்பி சிரித்த சிரிப்பில் சேலை பார்த்துக்கொண்டிருந்த வங்காளி அம்மாக்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு நான் கேட்க ஒன்றுமில்லை. தேதி மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.

ஷிப்ரா மிஸ்ஸுக்கு ஒரு கோயம்புத்தூர் காட்டன் சேலை கொண்டுபோய்க் கொடுத்தேன். வேண்டாம் என்றவரிடம், “என் தங்கை கல்யாணம் உங்களால் நடக்கிறது” என்றேன். அவருக்குப் புரியவில்லை. சேலையை வாங்கிக்கொண்டார்.

இராஜமாணிக்கம்


பொன்மலை,
20 அக்டோபர் 1997

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

தம்பி வந்ததிலிருந்து விசிலடிக்கிறான். உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வேன். பெரியப்பாவும் வழிக்கு வந்துவிட்டார், தானே பார்த்து முடித்த இடம் மாதிரி ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார். தை மாதத்தில் முகூர்த்தம் வைத்திருக்கிறோம்.

சமையல், சீர், பந்தி எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். மேடைக் காரியங்களைப் பெரியப்பாவும் பெரியம்மாவும் செய்வார்கள். தாலிக்கு நாத்தனார் முடிச்சுப் போடப் பெரியப்பா மகள் கல்பனா வருகிறாள். வீட்டுக்காரர் போன பிறகு நான் இந்தக் காரியங்களுக்கு முன்னால் நிற்பதில்லை. போட்டோ எடுக்கும்போதும், “சௌந்தரம், கொஞ்சம் தள்ளிக்கோ” என்பார்கள். தள்ளிக்கொள்வேன். பழகிவிட்டது.

பெரியப்பா அன்றைக்கு, யாரோ பக்கத்தில் இருந்திருக்கிறான் என்று சொன்னபோது அவர் நினைத்தது வேறு. எனக்கோ, பாவம் யாரைத் தள்ளிப் போகச் சொன்னார்களோ என்றுதான் தோன்றியது. அதனால்தான் கேட்டேன்.

மறக்காமல் அனுவுக்கு என் ஆசீர்வாதம் சொல்லுங்கள்.

சௌந்தரம்


கல்கத்தா,
3 நவம்பர் 1997

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

பெண் வீட்டார் நிபந்தனை போடக்கூடாது என்று எனக்குத் தெரியும். போடுகிறேன். முடிந்த வியாபாரத்தில் புதுப்பேச்சு எடுப்பவனை நானே கடையை விட்டு அனுப்பியிருக்கிறேன். இருந்தும் போடுகிறேன்.

உங்கள் கடிதத்தை ஜெயா படித்தாள். பிறகு வந்து, “பொன்மலை அண்ணி முடிச்சுப் போடலைன்னா எனக்கு இந்தத் தாலி வேண்டாம்ணா. எழுதிடு” என்றாள். “கல்யாணம் நின்னு போகும்டி” என்றேன். “நிக்காது. நம்மகிட்ட கேள்வி கேட்டவங்க அவங்க ஒருத்தர்தான்” என்றாள். என் மனைவியும் அவள் பக்கம்தான் பேசினாள். யோசித்துப் பார்த்தேன். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. தம்பியை வளர்த்தது நீங்கள். முடிச்சு உங்களுடையது.

பெரியப்பாவுக்குத் தனிக் கடிதம் எழுதியிருக்கிறேன், மரியாதையாக, ஆனால் விட்டுக்கொடுக்காமல். கோபப்பட்டால் என்மேல் படட்டும். படம் எடுக்க அனு வருகிறாள். ஷிப்ரா மிஸ் காமிராவை ஒரு வாரம் கொடுத்து அனுப்புகிறார்.

நீங்கள் தள்ளிக்கொள்ளக் கூடாது.

இராஜமாணிக்கம்


பொன்மலை,
22 பிப்ரவரி 1998

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

ஜெயா இங்கே சௌக்கியம். உள்ளூர் ஆபீசுக்கு மாற்றல் கேட்டு எழுதியிருக்கிறாள். அவளும் தம்பியும் சாயங்காலம் சைக்கிளில் மார்க்கெட் போகிறார்கள். கண்ணாடியைப் பற்றித் தெருவில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் பதில் சொல்ல அவளே போதும்.

அனு அனுப்பிய படங்கள் போன வாரம் வந்தன. பெரியப்பாவுக்குக் குறை: “மாப்பிள்ளைக்கு முதுகுதான் தெரியுது. எனக்குப் பாதித் தலையைக் காணோம். இதுவா படிப்பு?” இருந்தும் மூன்று தரம் எடுத்துப் பார்த்துவிட்டார். முகூர்த்த நேரத்தில் அவர்தான், “நேரமாகுது, சௌந்தரத்தைக் கூப்பிடுங்க” என்றார் என்பதை நீங்களும் கேட்டீர்கள்.

முடிச்சுப் போடும் படத்தில் நான் குனிந்திருக்கிறேன். ஒரு பக்கக் கன்னமும் நரைமுடியும், மஞ்சள் கயிற்றில் பத்து விரலும். அவ்வளவுதான் நான். பெரிதாகப் போட்டு, சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டு அம்மா உள்ளே வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, “யாரு, சௌந்தரமா இது?” என்றாள்.

ஆமாம் என்றேன்.

தங்கள் அன்புச் சகோதரி,
சௌந்தரம்