முதலாளி கழற்றிய வால்வுகள்

அம்மாவுக்கு வணக்கம்.

நான் சௌக்கியம். உங்கள் முட்டிவலி தேவலையா? மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

கடையில் ஒரு சின்ன விஷயம் நடந்தது, கவலைப்பட ஒன்றுமில்லை. கிடார் வாசிக்கும் ஒருவர் தன் பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர் (பழைய ரேடியோவில் இருக்குமே, அந்தக் கண்ணாடிக் குழாய்கள் வைத்தது) இரைகிறது என்று பழுதுபார்க்கக் கொடுத்திருந்தார். உள்ளே கெட்டுப்போன கண்டென்சர் என்ற சின்ன பாகத்தை மட்டும் மாற்றினேன், இரைச்சல் நின்றது. பிறகு முதலாளி அதிலிருந்த, இப்போது எளிதில் கிடைக்காத அருமையான பழைய வால்வுகளைக் கழற்றி வைத்துக்கொண்டு, மட்டமான புதியவற்றைச் செருகிவிட்டார்.

திரும்ப வாங்க வந்தவர் வாசித்துப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "இது என்னோட சத்தமே இல்லையே. யார் கை வச்சது?"

முதலாளி என்னைக் காட்டினார். "புது ஆளு சார். வால்வை மாத்திட்டு, பழசைக் குப்பையில போட்டுட்டான்."

"ஆமா சார், மன்னிச்சிடுங்க" என்றேன். வேலையும் தங்கும் அறையும் முதலாளி கையில் அல்லவா?

வந்தவர் போனதும் முதலாளி என் தோளைத் தட்டி, "நீ பொழைச்சுக்குவே" என்றார். திட்டியிருந்தால்கூடச் சோறு இறங்கியிருக்கும்.

தம்பியிடம் சொல்லி, வீட்டில் எல்லோரும் பேசுவதைச் செல்போனில் பதிந்து அனுப்பச் சொல்லுங்கள். சண்டை போட்டாலும் பரவாயில்லை, நீளமாக இருக்கட்டும். அப்பா என்னைப் பற்றி வெளியே பெருமை பேசுவதைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள்.

முதலாளி கூப்பிடுகிறார். இன்னொரு பழைய ஆம்ப்ளிஃபையர் வந்திருக்கிறதாம்.

உங்கள் மகன்