ஸ்கிரிப்ட்டில் நீ சேர்த்த ஒரு வரி

கீழ்க்கடையில் சாமை மூட்டைகள் நனைந்துவிட்டன போலிருக்கிறது. ஈரச் சாக்கின் வாசனை மாடிப்படி ஏறி வருகிறது. ஜன்னலுக்கு வெளியே ஜமுனாமரத்தூர் இல்லை, வெள்ளை மஞ்சு மூட்டம் மட்டும்தான். புதுக் கணினியில் நம் நிரலை நிறுவ உட்கார்ந்தவள், அதை உருவாக்கி ஓட்டும் பில்ட் ஸ்கிரிப்ட்டைத் திறந்ததும் உன் வரியைப் பார்த்து அப்படியே இருந்துவிட்டேன்.

மலைச்சாலை திறந்திருக்கிறதா என்று ஊர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வேலையை நாம் இருவரும் இந்த அறையில்தான் தொடங்கினோம். நீ சந்தவாசலிலிருந்து பஸ்ஸேறி வருவாய், தலைமுடியில் மழைத்துளியோடு.

பழைய கணினி பழுதான அந்தக் காலையும் மழைதான். போளூர் சாலையில் பாறை சரிந்திருந்தது. வேறொரு கணினியில் ஸ்கிரிப்ட்டை ஓட்டினோம். நிரல் உருவாகி ஓடத் தொடங்கியது, ஆனால் ஒரு செய்தியும் போகவில்லை. அப்போதுதான் ஜீப் ஓட்டுநர் அழைத்தார்.

"ரோடு இன்னாம்மா ஆச்சு? வண்டில புள்ளத்தாச்சிப் பொண்ணு குந்தினு கீது. எந்தப் பக்கம் எறங்கறது?"

"ஆலங்காயம் பக்கம் திருப்புங்கண்ணா!" என்று கத்தினாய். அதற்குள் தொடர்பு அறுந்திருந்தது. திரும்ப அழைத்தால் கிடைக்கவில்லை. வழியில் எங்காவது ஒரு நொடி சிக்னல் வந்தால் செய்தி போய்ச் சேரும். ஆனால் செய்தி இங்கிருந்தே கிளம்பவில்லையே.

 செய்தி அனுப்பும் சேவையின் முகவரியும் அதில் நுழைவதற்கான ரகசியச் சாவியும் தனிக் கோப்பில் இருந்தன. கோப்பு சரியாகவே இருந்தது. ஸ்கிரிப்ட் அதைப் படிக்கவும் செய்தது. நீ திரையருகே குனிந்து, யாரிடமோ கதை கேட்பவளைப் போல வெகுநேரம் பார்த்தாய்.

"ஸ்கிரிப்ட்டு படிச்சிட்டு தனக்குள்ளயே வச்சிக்கினு கீதுடி. அது கூப்புடற நிரலுக்குச் சொல்லவேயில்ல. பழைய கணினில நாம கையாலயே எல்லாத்தையும் குடுத்துட்டிருந்தோம், அதான் தெரியல."

கோப்பைப் படிக்கும் இடத்துக்கு மேலே ஒரே வரி சேர்த்தாய்: இனிப் படிக்கும் மதிப்புகளை எல்லாம், அழைக்கும் நிரல்களுக்கும் கொடு. மறுபடி ஓட்டினோம். திரையில் செய்திகள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டன.  மஞ்சு உள்ளே வந்து நம்மைச் சுற்றி நின்றது.

மதியம் வாணியம்பாடியிலிருந்து ஓட்டுநர் அழைத்தார். "மெசேஜ் பாத்துத்தாம்மா திருப்பினேன். பொண்ணு பொறந்து கீது." நீ மேசைமேல் தலை சாய்த்து அழுதாய். எனக்கோ சிரிப்பாக வந்தது. நான் சிரித்ததைப் பார்த்து அழுகையோடு நீயும் சிரித்தாய்.

பிறகு உன் உடம்புக்குள் ஒரு கட்டி வளர்ந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது உன் குரல் மிகத் தொலைவில் இருந்தது.

"மேல மழையாடி?"

"ஆமா. நேத்துலேர்ந்து."

"ரோடு?"

"தொறந்துதான் கீது."

அது போதும் என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டாய்.

இப்போதும் மழைக்காலையில் விழித்ததும் முதலில் சாலையைத்தான் விசாரிக்கிறேன். ஊர்களுக்கெல்லாம் செய்தி போன பிறகு, யாரும் இல்லாத இந்த அறையில் ஒருமுறை வாய்விட்டும் சொல்கிறேன். இன்றும் சொன்னேன். மழை விடவில்லை, ரோடு தொறந்துதான் கீதுடி.